அழுத்தி எழுதும் கையும் கமர்ஷியல் டிப்ளமாவும்

வியாபாரக் கடிதம் என்பது, மேலே பத்து வரியில் ஒருவரை மரியாதையாகத் திட்டிவிட்டு, கீழே 'தங்கள் பணிவுள்ள ஊழியன்' என்று கையெழுத்துப் போடுகிற வித்தை. திட்டுவது எனக்குப் பிறவியிலேயே வந்துவிட்டது. பணிவுதான் பாக்கி. அதைக் கற்றுக்கொள்ள, நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஆம்பூரில் ஒரு கமர்ஷியல் இன்ஸ்டிடியூட்டில் போய்ச் சேர்ந்தேன்.

ஆசைப்பட்டுச் சேரவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு தோல் மண்டியில் இங்கிலீஷ் கடிதங்கள் எழுதும் குமாஸ்தா. இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. புரை முற்றட்டும், பிறகு அறுக்கலாம், அறுத்தாலும் பழைய பார்வை வருமென்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் கைவிரித்தார். நாங்கள் குடியிருந்ததோ மண்டி வீடு. முதலாளி பாய் நல்ல மனிதர், ஆனால் பங்காளிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். "கடிதத்தை அவர் வாயால சொல்லட்டும், நீங்க மிஷின்ல அடிங்க. டிப்ளமா பாஸ் பண்ணிட்டீங்கன்னா வேலையும் வீடும் உங்களுக்கே. பண்ணலேன்னா மெட்ராஸ்லேர்ந்து ஆளைக் கூப்பிட்டு அந்த வீட்டுல குடிவைக்க வேண்டியதுதான்" என்றார். கான்வென்டில் படித்தவளுக்கு இது என்ன பிரமாதம் என்று தலையை ஆட்டிவிட்டேன். அடுப்பங்கரையிலிருந்து பென்சிலுக்கு மாறி அல்லல்படும் சகோதரிகளே, அந்தத் தலையாட்டலுக்கு நான் பட்ட பாட்டை நீங்களாவது கேளுங்கள்.

பையன் எங்கே?

இன்ஸ்டிடியூட் மாடியில் இருந்தது. படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற என்னை, மாஸ்டர் எழுந்து நின்று வரவேற்றார். வேலூர்ப் பக்கத்து இளைஞர், மீசை அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. "உட்காருங்கம்மா. பையன் எங்கே, கீழே நிக்கிறாரா?" என்றார். எனக்குப் பையனே கிடையாது, படிக்கப்போவது நான்தான் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார்.

பிறகு படிப்பில் மூன்று வழி உண்டு என்று விளக்கினார். கணக்கு எடுத்தால் கணக்கப்பிள்ளை, சுருக்கெழுத்து எடுத்தால் ஸ்டெனோ, கடிதப் போக்குவரத்து எடுத்தால் என் வீட்டுக்காரர் பார்க்கிற உத்தியோகம். டைப் அடிப்பது மூன்றுக்கும் பொது. ஏதாவது ஒன்றில் தேறினாலே டிப்ளமாதான். எனக்கு வேண்டியது கடைசி வழிதான். ஆனால் அவர் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. "மூணையும் எழுதிக்குங்க" என்றேன். மாஸ்டர் பெருமூச்சு விட்டபடி என் பெயரை எழுதினார்.

"இத்தனை வயசுக்குள்ளன்னு ரூல்ல போடலைங்கம்மா. போட்டிருந்தா ரெண்டு பேருமே தப்பிச்சிருப்போம்."

ஆண்டவர் தோல்

சுருக்கெழுத்தில் கோடு மெல்லியதாக இருந்தால் ஓர் எழுத்து, அதே கோட்டை அழுத்திப் போட்டால் வேறோர் எழுத்து. உயிரெழுத்தெல்லாம் நம் ஊகத்துக்கு விட்டது. இருபது வருஷம் அம்மியில் மிளகாய் அரைத்த கைக்கு மெல்லிய கோடு என்றால் என்னவென்றே தெரியாது. என் நோட்டில் எல்லாக் கோடும் கரிக்கட்டையால் இழுத்தது போல இருக்கும்.

ஒருநாள் மாஸ்டர், ஆட்டுத் தோல் அனுப்பச் சொல்லி ஒரு கடிதத்தை வாயால் சொன்னார். எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொன்னார். 'கோட்', அதாவது ஆடு என்பதன் கடைசிக் கோட்டை நான் அழுத்தியிருந்ததால் அது 'காட்' ஆகிவிட்டது. கன்னியாஸ்திரீகள் வளர்த்த பெண்ணல்லவா, எனக்கும் அது சரியாகவே பட்டது. "முதல் தரமான ஆண்டவர் தோல் அனுப்பவும்" என்று கணீரென்று வாசித்தேன். வகுப்பு முழுதும் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தது. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"அதை உரிக்கிறதுக்கு நம்ம ஊர்ல யாருக்கும் லைசென்ஸ் இல்லீங்கம்மா."

வாங்குகிறவன் டெபிட்

கணக்கில் முதல் பாடம், வாங்குகிறவன் டெபிட், கொடுக்கிறவன் கிரெடிட். வீட்டுக்கு ஒரு சாமான் வந்தால் அது நல்லதா கெட்டதா என்று பார்க்காமல் டெபிட் என்று எழுதும் சாஸ்திரம் எனக்குப் பிடிபடவில்லை. புரிவதற்காக வீட்டுக்காரரை வைத்துப் பயிற்சி செய்தேன். காப்பி கொடுத்தேன், நான் கிரெடிட், அவர் டெபிட். தீய்ந்த தோசை போட்டேன், நான் கிரெடிட், அவர் டெபிட். ஏன் தீய்ந்தது என்று அவர் கேட்டார், நாலு வார்த்தை கொடுத்தேன். அதற்கும் நான் கிரெடிட்தான். பாவம், தட்டு எங்கே இருக்கிறது என்று தடவிக்கொண்டே மனுஷன் கேட்டார்:

"ஏம்மா, கல்யாணம் ஆனதிலிருந்து இந்தக் கணக்குதானே நடக்குது? இதுக்கு எதுக்கு மாடியேறிப் போறே?"

சல்லடை

அடுத்த வாரமே கணக்கையும் சுருக்கெழுத்தையும் மாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. மிச்சம் இருந்தது கடிதமும் மிஷினும். மிஷினிலும் அதே கைதான். நான் 'ஓ' அடித்தால் காகிதத்தில் ஓ விழாது, ஓட்டை விழும். என் முதல் கடிதத்தை மாஸ்டர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எதிர் வாடையில் ஆவாரம்பட்டை மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் ஓட்டை வழியாகத் தெரிந்தார்கள்.

"இங்கிலீஷ் சுத்தமா இருக்குதும்மா. மாவு சலிச்சிட்டு அனுப்புங்க."

கீப்ஸ்

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆம்பூர் முழுக்கத் தெரிந்த விஷயத்தை மறைத்து என்ன பயன்?

மெட்ராஸ் பெரியமேட்டில் எங்கள் மண்டிச் சரக்கை வாங்கும் ஒரு பெரிய வியாபாரி இருந்தார். ஐந்து வேளையும் தொழுகிற முதியவர். அவருக்கு ஒரு கடிதம். வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல நான் அடித்தேன். நடுவில் 'கிப்ஸ்' என்று ஒரு வார்த்தை சொன்னார். இவருக்குக் குறில் நெடில் எப்போதுமே தகராறு, 'ஷிப்' என்கிற கப்பலும் 'ஷீப்' என்கிற செம்மறியும் இவர் வாயில் ஒன்றுதான். கான்வென்டில் இப்படி உச்சரித்தால் மதர் ஸ்கேலை எடுத்துவிடுவார். அதனால் அவரைக் கேட்காமலே 'கீப்ஸ்' என்று திருத்தி அடித்தேன். நாள்பட வைத்திருந்தாலும் கெடாத தோல் போலிருக்கிறது என்று எனக்கு நானே அர்த்தமும் சொல்லிக்கொண்டேன். நம் பக்கத்தில் 'கீப்' என்றால் வைப்பாட்டி என்பது வண்டிக்காரருக்குக்கூடத் தெரியும். கான்வென்டில் மட்டும் சொல்லித் தரவில்லை.

பதில் வந்ததும் பாய் எங்களை மண்டிக்குக் கூப்பிட்டார். அவருக்கு இங்கிலீஷ் வராது, இவருக்குக் கண் தெரியாது. நான்தான் வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். சொன்னேன். 'தங்களுடைய கீப்ஸ் மிருதுவானவை, நல்ல நிறமுள்ளவை, தொட்டுப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். இந்த வயதில் எங்களுக்கு அவை தேவைப்படவில்லை. கிப்ஸ் இருந்தால் மட்டும் அனுப்பவும்.' வீட்டுக்காரர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "கிப்ஸுன்னா சின்ன மாட்டுத் தோல்டீ" என்று மெல்லச் சொன்னார். பிறகு மற்றதன் அர்த்தத்தை என் காதோடு சொன்னார். பாய்க்கு அதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"பரீட்சையில இப்படி எழுதினா உங்களுக்கு வீடு போவும். மண்டியில எழுதினா எனக்கு வீடு போவும்."

திருத்தாமல் விட்டது

பரீட்சை வேலூரில். ரயிலில் காட்பாடி வரை வந்து, ஜட்கா பிடித்துப் போனோம். அவர் என்னைக் கொண்டுவிட வந்தாரா, நான் அவரைக் கைப்பிடித்துக் கொண்டுபோனேனா என்று சொல்ல முடியாது. அவர் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

கேள்வியைப் பார்த்ததும் எனக்கு வேர்த்தது. ஒரு வியாபாரி அனுப்பிய 'ஸ்கைவர்ஸ்' கறைபட்டு வந்ததாகப் புகார், அதற்குச் சமாதானம் சொல்லி எழுத வேண்டும். ஸ்கைவர்ஸ் என்றொரு வார்த்தையை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. 'ஸ்க்யூவர்ஸ்', அதாவது கறி குத்திச் சுடும் கம்பியைத்தான் அச்சுக்கோத்தவன் தப்பாகக் கோத்துவிட்டான் என்று என் கான்வென்ட் மூளை அடித்துச் சொன்னது. கம்பி என்றால் கறை ஏன், துரு அல்லவா பிடிக்கும் என்று அந்த மூளையே வாதாடியது. திருத்திவிடக் கை மிஷின் மேல் பறந்தது. கீப்ஸ் நினைவுக்கு வந்தது. மண்டி வீட்டின் சமையலறை ஜன்னல் நினைவுக்கு வந்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கேள்வியில் இருந்தபடியே, பூவைத் தொடுவதுபோல எழுத்தெழுத்தாக அடித்தேன். ஓட்டை விழவில்லை.

வெளியே வந்து முதல் வேலையாக, "ஸ்கைவர்ஸுன்னா இன்னாங்க?" என்றேன். "ஆட்டுத் தோலை ரெண்டு ஏடா பிளந்தா மேல வர்ற மெல்லிசு ஏடு. ஏன், அதை என்ன பண்ணித் தொலைச்சே?" என்றார், முகம் வெளுத்து. ஒன்றும் பண்ணவில்லை, இருந்தபடியே விட்டுவிட்டேன் என்றேன். அவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் ஒரு வார்த்தையை உயிரோட விட்டிருக்கே."

எழுத்துக்கூட்டி

பாஸ். இரண்டாம் வகுப்புதான், கான்வென்டில் சொன்னால் மதிக்கமாட்டார்கள். பாய் அந்தக் காகிதத்தைப் பங்காளிகளுக்குக் காட்டிவிட்டு, தாமே வீட்டு வாசல்வரை வந்து திருப்பிக் கொடுத்தார். மெட்ராஸ் ஆளுக்கு வரவேண்டாமென்று சொல்லியாயிற்று, நீங்கள் நிம்மதியாக இருங்கள் என்றார். கிளம்பினவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஒருமுறை திரும்பினார்.

"ஆனா ஒண்ணும்மா. தபால்ல போடறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் அவருக்கு ஒருக்கா படிச்சுக் காட்டிடுங்க. வார்த்தையா வேணாம், எழுத்துக்கூட்டி."

கன்னியாஸ்திரீகள் பளபளவென்று கொடுத்தனுப்பிய என் இங்கிலீஷ், ஆம்பூரில் ஊறப்போட்டு, சுண்ணாம்பில் இறக்கி, ரோமம் போகச் சுரண்டி, ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்திய பிறகுதான் உழைக்க ஆரம்பித்தது.