மடிப்புக் குலையாத இறால் கொழுக்கட்டை

ரெய்னர்ஸ் லேனிலிருந்து ரயிலேறி, அப்பாவும் நானும் லண்டன் சைனாடவுன் உணவகத்தில் அமர்ந்திருக்கிறோம். பக்கத்து மேசை முதியவருக்கும் அப்பாவைப் போலவே விழுங்குவது சிரமம். அவருடைய மகள் இறால் கொழுக்கட்டையை அரைத்து, மீண்டும் அச்சில் வார்த்துக் கொண்டுவந்திருக்கிறாள். ஓரத்து மடிப்புகள்கூடக் குலையவில்லை. என் பிளாஸ்கில் இருப்பதோ இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் கலந்து அரைத்த மஞ்சள் கூழ். அவள்மீது எனக்குப் பொறாமை மூள்கிறது.

அப்பா அந்தத் தட்டிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

“அந்தாளுக்குச் சாப்பாடு. எனக்கு மட்டும் நோட்டீஸ் ஒட்டுற பசையோ, பிள்ளை?”

“அவையளிட்டை அச்சு இருக்கப்பா.”

“எங்களிட்டை இடியப்ப உரல் இருக்குத்தானே?”

கூழ் உரலில் இழையாக நிற்காது. அதை இறுக்க எதைச் சேர்ப்பது என்பது பக்கத்து மேசை மகளுக்குத்தான் தெரியும். அவளிடம் கேட்க மனம் கூசுகிறது, ஆயினும் எழுகிறேன்.