குதிகாலில் கண்ணாடி

மலைக்குப் போய் அருவியில் குளித்துவிட்டு இறங்குகிறவர்கள் எங்கள் நிலத்தை ஒட்டிய ஓடைப் பாலத்தில்தான் வண்டியை நிறுத்துவார்கள். குடித்த பாட்டிலைப் பாறையில் அடித்து உடைத்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. மழை வந்தால் அத்தனையும் எங்கள் மரவள்ளிக் கொல்லைக்கு வந்து சேரும். அப்படி வந்த ஒரு சில்லுதான், களை வெட்டும்போது என் இடது குதிகாலில் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு மஞ்சள் வைத்துக் கட்டினேன். புண் ஆறும், மறுபடி உடையும். இப்படியே இழுத்தடித்து, கடைசியில் சீழ் எலும்புக்குள்ளேயே போய்விட்டது.

சங்கராபுரத்துப் பக்கம் முதலில் பார்த்த டாக்டர், என்னை உட்காரவைத்துவிட்டு என் வீட்டுக்காரரை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்தவரின் முகமே சரியில்லை. கள்ளக்குறிச்சியில் வேறொருவரைப் பார்க்கலாம் என்றார். என்ன சொன்னார்கள் என்று கேட்டால், ஒன்றுமில்லை என்றார். சர்க்கரை நோயில் காலை எடுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அவர்களிடமும் முதலில் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். அன்றிலிருந்து அவர் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டேன்.

கள்ளக்குறிச்சி டாக்டருக்குச் சிரித்த முகம். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. கெட்டுப்போன எலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் கண்ணாடிக் குருணையை நிரப்பப் போவதாகச் சொன்னார். என் காலைக் கெடுத்ததே கண்ணாடி. இவர் இன்னும் ஒரு பிடி போடுகிறேன் என்கிறார்.

"அது பாட்டில் கண்ணாடிம்மா. இது வேற. கிருமிய வளர விடாது. உடம்புத் தண்ணி பட்டா கொஞ்சம் கொஞ்சமா கரையும். கரையக் கரைய அந்த எடத்துல உங்க எலும்பே வளந்துக்கும்" என்றார்.

கரைகிற கண்ணாடியை யார் கண்டது? ஓடையில் வருடக்கணக்கில் கிடக்கிற சில்லுக்கு முனைகூட மழுங்கவில்லை. மயக்கத்தில் படுக்கவைத்துக் காலை எடுக்கத்தான் இந்தக் கதையெல்லாம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஆபரேஷனுக்கு முன் நர்ஸ் மெட்டியைக் கழற்றச் சொன்னாள். கழலாது என்று சாதித்தேன். வீங்கிய விரலை இழுத்துப் பார்த்துவிட்டு, மெட்டியின் மேல் பிளாஸ்திரி ஒட்டினாள். முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே எதுவும் என்னுடையதாக இல்லை. வார்டுக்கு வந்ததும் நான் கேட்ட முதல் வார்த்தை, "மெட்டியக் காட்டுங்க" என்பதுதான். வீட்டுக்காரர் போர்வையை விலக்கி, கட்டுப் போட்ட காலை மெதுவாகத் தூக்கிக் காட்டினார். விரலும் இருந்தது, பிளாஸ்திரியும் இருந்தது. அதன் பிறகுதான் தண்ணீர் கேட்டேன்.

அப்புறம் மாதக்கணக்கில் ஊன்றுகோல்தான். போன மாதம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், குருணை பாதி கரைந்து மங்கிவிட்டது, சுற்றி எலும்பு கூடியிருக்கிறது, இனி காலை ஊன்றி நடக்கலாம் என்றார். நான் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். குதிகால் மட்டும்தான் இருந்தது. விரல்களைக் காணோம். யார் வீட்டுக் குதிகாலோ!

"இது என் காலுன்னு எப்பிடி நம்பறது? வெரலோட எடுங்க. மெட்டி தெரியணும்" என்றேன். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் சிரித்தபடியே மறுபடி எடுக்கச் சொன்னார். மெட்டி பளிச்சென்று தெரிந்தது. குதிகாலில் அதே மங்கிய குருணைதான் இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தபோது வீட்டுக்காரரை விடவில்லை. அந்த முதல் டாக்டர் அன்றைக்கு என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"முட்டிக்குக் கீழ எடுத்துடணும்னாரு" என்றார். "நான்தான் முடியாதுன்னு இங்க இட்டாந்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீயே எடுத்துடச் சொல்லியிருப்ப. வெட்டிப் போடுங்கன்னுதான கத்திக்கினு இருந்த?"

வலியில் அப்படித்தான் கத்தினேன். இருந்தாலும் என் காலைப் பற்றி என்னிடமே மறைக்க இவர் யார் என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. இவரிடமிருந்து அல்லவா இத்தனை நாளும் நான் காலைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

பஸ் வந்தது. ஊன்றுகோலை அவர் கையில் கொடுத்துவிட்டு, குதிகாலை அழுத்தி வைத்து ஏறினேன்.