சிவப்பு இறகுக் கிரீடம்

டிவியில் அமேசான் காட்டு மக்களின் திருவிழாவைக் காட்டினார்கள். மரப்பட்டை உடையும் சிவப்புக் கிளி இறகுக் கிரீடமுமாக ஊரே தோளோடு தோள் சேர்ந்து ஆடியது. தாம்பரம் ஃபிளாட்டில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் தட்டைக் கீழே வைத்தேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் அத்தா சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஒருமுறை பிரேசிலிலிருந்து அப்படியொரு கிரீடம் வாங்கிவந்தார். எங்கள் பொழிச்சலூர் வீட்டில் பெட்டியைத் திறந்ததும் விறகுப் புகை வாசனை அடித்தது. என் தலையில் வைத்தார். அது கண்வரை இறங்கியது.

"இத ஒத்தையில யாரும் போட மாட்டாங்களாம் கண்ணு. எல்லாரும் ஒண்ணா கூடுனாத்தான் போடுவாங்களாம்."

"அப்ப நீங்க இங்கயே இருங்க அத்தா."

அத்தா கிரீடத்தை என் நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார். அடுத்த வாரமே அத்தா கப்பலுக்குக் கிளம்பினார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன்னால் நான் மட்டும் அதைப் போட்டு ஆடுவேன். மழைக்காலத்தில் இறகுகளைப் பூச்சி அரித்துவிட்டது. அத்தா வருவதற்குள் இறகு செருகியிருந்த நார்ப்பட்டைதான் மிஞ்சியது.

டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. சிறுசேரியில் தங்கி வேலை பார்க்கும் என் மகள்.

"இந்த வாரமும் வர முடியாதும்மா. ஆபீஸ்ல ரொம்ப டைட்டு."

"பரவால்லடா. வேலையப் பாரு" என்றேன்.

அத்தாவிடம் கேட்டதுபோல் இவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.