ஆகஸ்ட் மூன்றில் பிறந்த இருவர்

ஆவடிப் பக்கம் மெல்லிசைக் கச்சேரி என்றாலே சந்திரகலாவின் பாட்டும் சுலைமானின் டோலக்கும்தான். இருவருக்கும் பிறந்தநாள் ஆகஸ்ட் மூன்று.

1986இல் ஆடித் திருவிழாக் கச்சேரி அதே தேதியில் வந்தது. இருவரும் சேர்ந்து மேடையில் கேக் வெட்ட ஏற்பாடாகியிருந்தது. சந்திரகலா அறிவிப்பாளர் ஜேம்ஸைத் தனியே கூப்பிட்டு, "என் பேரை மட்டும் சொல்லுங்க. சுலைமான் அண்ணனுக்கு இதெல்லாம் பிடிக்காது" என்றாள். வாய் கூசாமல் சொன்ன பொய்.

அவள் பெயரைச் சொன்னதும் கூட்டம் ஆரவாரித்தது. வாழ்த்துப் பாட்டுக்கு டோலக் வாசித்தவர் சுலைமான். கத்தியை எடுத்தபோதுதான் முன்வரிசையில் அவர் மனைவி லத்தீஃபாவைப் பார்த்தாள். கணவர் கேக் வெட்டுவதைப் பார்க்கப் பூந்தமல்லியிலிருந்து புதுப்புடவை கட்டி வந்தவர், ஒன்றும் புரியாமல் மெல்லக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

கச்சேரி முடிந்ததும் சந்திரகலா சுலைமானிடம் போனாள். "அண்ணே, நான்தான் உங்க பேர் வேணாம்னு சொன்னேன்."

"தெரியும்மா. ஜேம்ஸ் என்னாண்ட வந்து கேட்டான். பொண்ணு ஆசப்படுது, உட்டுடுன்னு நான்தான் சொன்னேன்."

அவளால் தலை நிமிர முடியவில்லை. அதன்பிறகும் பத்து வருடம் அவர் டோலக்குக்குப் பாடினாள். ஆனால் ஆகஸ்ட் மூன்று அன்று யாராவது வாழ்த்துச் சொன்னால் அவளுக்கு உடம்பு கூசும்.