சலீம் பொறுக்கிய ஓடு

நேற்று குளியலறைக் குழாயைத் தேய்க்கப் பழைய டூத்பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்தேன். சலீம் ஞாபகத்துக்கு வந்தான். கூடவே வயிற்றெரிச்சலும் வந்தது.

தொண்ணூறுகளில் நானும் அவனும் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பழைய வீட்டின் கார் ஷெட்டில் பானை ஓடு கழுவினோம். கடலோர அகழாய்வில் கிடைத்த ஓடுகள் மூட்டை மூட்டையாக வரும். பிரஷ்ஷால் தேய்த்துக் காயவைத்து, உள்ளூர்ப் பானை எது, ரோமாபுரியிலிருந்து கப்பலில் வந்த மது ஜாடி எது என்று பிரிக்க வேண்டும். பிரிப்பது நான். ரோமானிய வரலாற்றில் முதல் வகுப்பு, கொஞ்சம் லத்தீன் வேறு. அந்தத் திமிர் எனக்கு உண்டு. நான் உள்ளூர் என்று சொன்னதைக் கொல்லையில் கொட்டிவிடுவோம். ஈர மண் வாசனையோடு பக்கத்து வீட்டு மீன் குழம்பு வாசனையும் வரும். இன்றும் மீன் குழம்பு என்றால் எனக்குப் பசியும் கோபமும் சேர்ந்துதான் வரும்.

சலீம் மயிலாப்பூர்த் தையல்காரர் மகன். தபாலில் எம்.ஏ. படித்தவன். துணியை நெருடிப் பார்ப்பது போல ஓடுகளையும் விரலால் நெருடுவான். ஒருநாள் கொல்லைக் குவியலிலிருந்து ஒன்றைப் பொறுக்கி வந்தான்.

"இன்னா மச்சி, இத்தப் போயி கடாசிட்டியே? கறுப்பா மணலு மின்னுது பாரு."

"சோத்துப் பானைடா அது. போட்டுட்டு வா."

"சோத்துப் பானைக்கு இன்னாத்துக்கு இம்மாம் கனம்?"

"ஐயா பெரிய எக்ஸ்பர்ட்டு," என்றேன். அவனும் சிரித்தான். ஆனால் போடவில்லை. அகழாய்வை நடத்திய பேராசிரியரிடம் காட்டினான். இத்தாலியின் எரிமலை மணல் கலந்த களிமண் அது. மது ஜாடியின் துண்டு.

ரோமில் பயிற்சிக்கு ஒருவரை அனுப்ப இருந்தார்கள். பேராசிரியர் என் பெயரைத்தான் எழுதி வைத்திருந்தார். நான் தி.நகரில் ஸ்வெட்டர்கூட வாங்கிவிட்டேன். அந்த ஓட்டைப் பார்த்தபின் என் பெயரை அடித்துவிட்டுச் சலீம் பெயரை எழுதினார்.

"உனுக்கு கஷ்டம்னா நான் போவல மச்சி," என்று வந்து நின்றான்.

"போடா," என்றேன். ஸ்வெட்டரைக் கேட்டான். கொடுக்கவில்லை.

போனவன் போனவன்தான். பட்டம், புத்தகம், அங்கேயே வேலை. முதல் புத்தகத்தில், ஓடு பார்க்கக் கற்றுக்கொடுத்த நண்பன் என்று எனக்கு நன்றி சொல்லியிருக்கிறான். கிண்டலாக எழுதியிருந்தால் மன்னித்திருப்பேன். நிஜமாகவே எழுதியிருக்கிறான்.

அவன் போன பிறகு கொல்லைக் குவியல் முழுவதையும் மறுபடி பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். பார்க்கவில்லை. பிறகு பள்ளிக்கூட வாத்தியாராகப் போய் ஓய்வும் பெற்றுவிட்டேன்.

அந்த வீடு இப்போது இல்லை. அடுக்குமாடி கட்டப் பள்ளம் தோண்டியபோது போய் நின்று பார்த்தேன். குவியலை மண்ணோடு மண்ணாக லாரியில் அள்ளிப்போய் தரமணிப் பக்கம் ஏதோ பள்ளத்தில் கொட்டினார்கள். நான் வீசியதில் ரோமாபுரித் துண்டுகள் இன்னும் எத்தனை இருந்தன என்று இனி யாராலும் சொல்ல முடியாது. சலீமாலும் முடியாது. அதில் எனக்கு நிம்மதிதான்.