ஒரே பச்சை நிறத்தில்

பெசன்ட் நகர் கடலோரம் எங்கள் குப்பத்துக்குச் சுகாதார இலாகாவிலிருந்து ஒருவர் வருவார். பெயர் தெரியாது, கேட்கக் கூச்சம். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலுக்குப் பதில் நூல் கட்டியிருப்பார். எந்த வீட்டிலும் முதலில் தண்ணீர்க் குடத்தின் மூடியைத் திறந்து பார்ப்பார். அப்புறம்தான் என்ன தொழில், எத்தனை பேர், யார் படித்தவர் என்று கேட்பார்.

ஒரு கோடையில் வேர்த்து விறுவிறுத்து வந்தார். மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்தில் குழந்தைகளுக்கு வாந்திபேதியாம். தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னார். என் மடியில் கைப்பிள்ளை.

"மாம்பலம் எங்க கீது, நாங்க எங்க கீறோம்? பக்கத்து பங்களாவுல போய் சொல்லு சார்" என்றாள் என் ஓரகத்தி.

அவர் ஊர்ப் படத்தை விரித்தார். எங்கள் குப்பமும் அந்தச் சந்தும் பச்சை. சுவருக்கு அந்தப் பக்கத்துப் பங்களா மஞ்சள்.

"பக்கம் தூரம் பாத்துப் பிரிக்கலம்மா. ஒரே மாதிரி தண்ணி, நெருக்கம், வரும்படி இருக்கிற இடத்தையெல்லாம் ஒண்ணா சேத்திருக்கேன். அங்க வந்தது இங்கயும் வரலாம்."

"வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று முணுமுணுத்தாள் அவள்.

நான் அன்றுதான் அவரிடம் வாய் திறந்தேன். "அந்தச் சந்துல என்ன மாதிரி கைப்புள்ளக்காரி யாரனா கீறாளா சார்?"

"ஒருத்தி இருக்காம்மா. புள்ள ஆஸ்பத்திரில கெடக்குது."

சோறு பொங்க வைத்திருந்த விறகில் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். புருஷனுக்குப் பழையதுதான். என் பிள்ளைக்கு ஒன்றும் வரவில்லை.

அந்தப் பச்சைக்காரியின் பிள்ளை பிழைத்ததா என்று கேட்கக் காத்திருந்தேன். அவர் அப்புறம் வரவேயில்லை.