கம்பியில் மாட்டிய பத்துத் தொப்பிகள்

வெர்லீன் டக்கெட்டை வெளியே அனுப்பியவர்கள் ‘நீக்கம்’ என்ற சொல்லை வாயில் வரவிடவில்லை. ‘நிறுவனருக்கு ஓய்வு’ என்றார்கள். லிட்டில் ராக் ஓட்டல் ஒன்றில் கோழிக்கறி பரிமாறி, கண்ணாடிப் பட்டயம் கொடுத்து, எழுந்து நின்று கை தட்டினார்கள். அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, கோழிக்கூண்டுக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக் கொடுத்தாள்.

இருபத்தாறு வருஷம் ஆற்றங்கரைக் கிராமங்களுக்குத் தபால் வண்டி ஓட்டியவள் அவள். முப்பத்திரண்டு வயதில், அப்பாவின் ரைஃபிளும் பையில் உரிமச் சீட்டுமாக மான் வேட்டைக்குப் போனவளை ஒரு கேட்டில் இரண்டு வெள்ளைக்காரர்கள் மறித்தார்கள். “யார் வீட்டுச் சமையக்காரி வழி தவறி வந்துட்டா?” என்று ஒருவன் கேட்க, மற்றவன் சிரித்தான். சீட்டைக் காட்டினாள். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பிலிருந்து பிறந்ததுதான் ‘எல்லாருக்கும் காடு’ என்ற அமைப்பு. சர்ச்சுக்கு வரும் நாலு பெண்களோடு ஆரம்பித்தாள். பன்னிரண்டு வருஷத்தில், காட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்காத கறுப்பர்கள் முந்நூறு பேரை மான் வேட்டைப் பரணில் ஏற்றினாள்.

அவர்களில் ஒருவன்தான் வக்கீல் பிரெஸ்டன் ஹெய்ல். முதல் வருஷமே பரணிலிருந்து விழுந்து கால் பிசகியவனை ஒரு மைல் தோளில் தாங்கி வந்தாள். நிர்வாகக் குழுவில் அவனைச் சேர்த்ததும் அவள்தான். அவளை அனுப்பும் தீர்மானத்தை எழுதியவன் அவன்.

“நிலக்காரங்க பட்டியலக் குடுங்க மேடம். எல்லாத்தையும் முறைப்படுத்தறோம்,” என்றான். “எட்டுப் பக்கத்துல ஒப்பந்தம் போட்டிருக்கேன். முப்பது நாள்ல பதில் வரலன்னா சம்மதம்னு அர்த்தம்.”

அமைப்பு வேட்டையாடும் காடுகளுக்குச் சொந்தக்காரர்கள் ஒன்பது பேர். ஒருவரிடமும் துண்டுக் காகிதம் கிடையாது. ஜனவரியில் சீசன் முடிந்ததும் வெர்லீன் மான்கறி சாசேஜ் செய்து ஒவ்வொரு வீட்டுக்கும் எடுத்துப் போவாள். காப்பி குடிப்பாள், முழங்கால் வலி விசாரிப்பாள், கிளம்பும்போது கையை நீட்டுவாள். அவர்கள் பிடித்துக் குலுக்கினால் அடுத்த வருஷத்துக்கு அனுமதி. காகிதம் என்றாலே அந்தப் பக்கத்துக் கறுப்பர் வீடுகளில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஒன்பது பேரில் ஒருவரான ஆம்புரோஸ் பிக்கெட்டின் தாத்தா, படிக்கத் தெரியாமல் ஒரு தாளில் கைநாட்டு வைத்து எண்பது ஏக்கரை விட்டவர்.

பட்டணத்தில் வளர்ந்த பிரெஸ்டனுக்கு இது தெரியாது. அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒப்பந்தத்தை அனுப்பமாட்டான்.

“நல்லாப் பண்ணுப்பா,” என்று பட்டியலைக் கொடுத்தாள் வெர்லீன். நெஞ்சுக்குள் வெல்லப்பாகு இறங்கியது.

அடுத்த வாரம் ஆம்புரோஸ் போனில் கூப்பிட்டார். “காகிதம் வந்திருக்கு புள்ள. என்ன பண்ணட்டும்?”

“நான் அங்க இல்ல மாமா. உங்க இஷ்டம்.”

“அப்ப சங்கிலி போட்டுடறேன்.”

ஒன்பது கேட்டிலும் சங்கிலி விழுந்தது. பிரெஸ்டனுக்குப் பதில் ஏதும் வரவில்லை. சம்மதம் என்று கணக்குப் போட்டுக்கொண்டான்.

நவம்பரில் சீசன் தொடங்கும் காலை, ஆரஞ்சு மேல்சட்டையும் அமைப்பின் தொப்பியுமாகப் பிரெஸ்டனோடு பன்னிரண்டு பேர் பிக்கெட் கேட்டின் முன் நின்றார்கள். கேட்டுக்கு உள்பக்கம், ஆம்புரோஸின் பிக்கப் வண்டியில் உட்கார்ந்து வெர்லீன் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

“மேடம், திறக்கச் சொல்லுங்க. விடிஞ்சுடுச்சு,” என்றான் பிரெஸ்டன்.

ஆம்புரோஸ் இறங்கினார். “எட்டுப் பக்கம் எழுதினவன் நீதானா? எங்க தாத்தாவுக்கு ஒரே பக்கந்தான் குடுத்தாங்க. பரவால்ல, முன்னேறியிருக்கீங்க.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிரெஸ்டனின் கழுத்து வியர்த்தது. எட்டு மாதமாக வெர்லீன் கண்ணை மூடினால் பார்த்த முகம் அது. ஆற அமரப் பார்த்தாள்.

“உங்க மேல எனக்குக் கோவமில்ல,” என்றாள் மற்றவர்களிடம். “மாமா கையப் புடிச்சுக் குலுக்கிட்டு வாங்க. தொப்பிய மட்டும் கம்பியில மாட்டிடணும். பிரெஸ்டன், நீ அங்கேயே நில்லு.”

ஒன்று, இரண்டு என்று தொப்பிகள் முள்கம்பியில் ஏறின. பத்து. பள்ளிக்கூடத்தில் சமைக்கும் ரொவெட்டா மட்டும் அசையவில்லை. முதல் மானுக்கு இரண்டு வருஷமாகக் காத்திருப்பவள்.

“என்ன ரொவெட்டா?”

“இதை என் தலையில வெச்சதே நீங்கதான்க்கா.”

“அது அப்போ.”

“கேட்டுல உங்கள மறிச்ச கதையச் சொல்லித்தானே என்னக் கூட்டிட்டு வந்தீங்க? இப்ப நான் நிக்கறேன் பாருங்க.” ரைஃபிளிலிருந்து தோட்டாவை எடுத்தாள். ரைஃபிளைக் காரில் வைத்தாள். கிளம்பிவிட்டாள்.

“கூப்புடு புள்ள,” என்றார் ஆம்புரோஸ்.

வெர்லீன் கூப்பிடவில்லை. பிரெஸ்டனிடமிருந்து கண்ணை எடுக்க அவளுக்கு மனமில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்பே அவன் பதவி விலகினான். சர்ச்சு வாசலில் அந்தச் செய்தியை மூன்று முறை, முதல் தடவை கேட்பவள்போல் கேட்டு ரசித்தாள். இரக்கம் எதுவும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

ஜனவரியில் ஒன்பதுக்குப் பதில் பத்து சாசேஜ் பொட்டலம் கட்டினாள். கடைசிப் பொட்டலத்தோடு ரொவெட்டா வீட்டுக் கதவைத் தட்டினாள். ரொவெட்டா வாங்கிக்கொண்டாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. வெர்லீன் கையை நீட்டினாள்.

ரொவெட்டாவின் இரண்டு கையிலும் பொட்டலம் இருந்தது. அதைக் கீழே வைக்க அவள் அவசரப்படவில்லை.